பழைய இரட்டை எஞ்சின் விமானத்தை வாங்க, பேண, பத்திரமாகப் பறக்க: ட்வின் கமாஞ்சியை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பைப்பர் ட்வின் கமாஞ்சி விமானத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு எண்கள். முழு எடையில், கடல் மட்டத்தில், இரண்டு எஞ்சின்களும் ஓடும்போது அது நிமிடத்துக்கு 1,460 அடி மேலேறும். ஒரு எஞ்சின் நின்றுவிட்டால் 260 அடிதான். போனது பாதிச் சக்தி. ஆனால் மேலேறும் திறனில் ஐந்தில் நான்கு பங்குக்கும் அதிகமாகக் காணாமல் போய்விடுகிறது. மட்டமாகப் பறப்பதற்கே கணிசமான சக்தி செலவாகிவிடுவதால், அதற்கு மேல் மிஞ்சுவது மட்டுமே விமானத்தை உயர்த்துகிறது. எஞ்சின் ஒன்று நிற்கும்போது பறிபோவது இந்த மிச்சம்தான். அந்த 260 அடியும், புது எஞ்சினும் புது புரொப்பெல்லரும் பூட்டிய புது விமானத்தைத் தேர்ந்த சோதனை விமானி ஓட்டியபோது கிடைத்த எண். அறுபது வயதான விமானத்தில், வெயில் நாளில், கால் ஒரு வினாடி தாமதமாக நகரும் உரிமையாளருக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கலாம்.

இது அந்த ஒரு விமானத்துக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. 6,000 பவுண்டுக்கு மேற்படாத எடையும் மணிக்கு 61 கடல் மைலுக்கு மேற்படாத ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்கும் திறனை இழக்கும் வேகம்) கொண்ட சிறிய இரட்டை எஞ்சின் விமானம், ஒற்றை எஞ்சினில் மேலேறியே தீர வேண்டும் என்று 2017 வரை இருந்த அமெரிக்கச் சான்றிதழ் விதிகள் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே இரண்டாவது எஞ்சினைத் தானாகக் கிடைக்கும் காப்பீடாக எண்ணி வாங்குபவர், வாங்கும் நாளிலேயே தவறான கணக்கோடு தொடங்குகிறார். பராமரிப்பும் பயிற்சியும் சேரும்போதுதான் அந்த எஞ்சினுக்குப் பொருள் உண்டு.

எடுத்துக்காட்டாக ட்வின் கமாஞ்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றை எஞ்சின் கமாஞ்சியை இரட்டை எஞ்சினாக மாற்றும் வடிவமைப்பை டெக்சாஸைச் சேர்ந்த எட் ஸ்வேரிஞ்ஜன் உருவாக்க, 1963 முதல் பைப்பர் நிறுவனம் அதைப் பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் ஆலையில் தயாரித்தது. தலா 160 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகமிங் ஐஓ-320 எஞ்சின்களோடு, மணிக்கு 16 அல்லது 17 கேலன் பெட்ரோலில் மணிக்கு 160 கடல் மைலை ஒட்டிய வேகத்தில் பறக்கும் இதன் சிக்கனத்துக்கு, இந்த வகையில் இன்றும் நிகரானவை குறைவு. 1964 டிசம்பரில் மேக்ஸ் கான்ராட் கூடுதல் டேங்குகள் பொருத்திய ட்வின் கமாஞ்சியில் கேப்டவுனிலிருந்து ஃபுளோரிடாவுக்கு, 7,800 மைலுக்கும் மேல், இடைநில்லாமல் தனியாகப் பறந்தார். 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின் வெள்ளம் லாக் ஹேவன் ஆலைக்குள் புகுந்து கமாஞ்சிக்கான வார்ப்புகளையும் கருவிகளையும் அழித்ததோடு தயாரிப்பு முடிவுக்கு வந்தது. இன்று உதிரிபாகம் தேடுபவருக்கு அந்த வெள்ளம் இன்னும் வடியவில்லை.

முதல் படி: வாங்கும் முன் காகிதத்தைப் படியுங்கள்

விமானத்தைப் பார்க்கப் போவதற்கு முன் அதன் பதிவேடுகளைக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் தரும் பதிவேடுகளோடு நிறுத்திக்கொள்ளாமல், ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்திலிருந்து அந்த விமானத்தின் கோப்பு முழுவதையும் பெறுங்கள். உரிமை கைமாறிய வரலாறு, தீராத கடன் பாத்தியதை, பெரிய பழுதுகளுக்கும் மாற்றங்களுக்கும் தாக்கல் செய்யப்பட்ட 337 படிவங்கள் எல்லாம் அங்கே இருக்கும். கோப்பில் இறக்கைப் பழுது இருந்து, விற்பவரின் பதிவேட்டில் அது இல்லை என்றால், மேற்கொண்டு பேச வேண்டிய தேவை இல்லை.

அடுத்து, பறப்புத் தகுதி ஆணைகள். இவற்றை மெக்கானிக்குகள் சுருக்கமாக ஏடி என்பார்கள். விமானத்துக்கு, எஞ்சினுக்கு, புரொப்பெல்லருக்கு, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவுக்கு, ஹீட்டருக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆணைகள் இருக்கும்; ஒருமுறை செய்து முடிப்பவை சில, குறித்த மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியவை சில. ட்வின் கமாஞ்சியில் இரண்டை மறக்கவே கூடாது. ஒன்று, லேண்டிங் கியர் எனப்படும் சக்கர அமைப்பு பற்றிய 77-13-21 எண் ஆணை. மற்றொன்று, பின்புற ஸ்டேபிலேட்டரை, அதாவது முழுதாக அசையும் கிடைவாலைத் தாங்கும் ஹார்ன் என்ற பாகத்தில் வெடிப்பு தேடச் சொல்லும் 2012-17-06 எண் ஆணை. "ஏடி எல்லாம் முடிந்தது" என்ற ஒற்றை வரி பட்டியலாகாது. எந்த ஆணை, எந்தத் தேதியில், எத்தனை மணிநேரத்தில், எந்த முறையில், யாருடைய கையெழுத்தில் நிறைவேறியது என்று வரிசையாக இருக்க வேண்டும்.

பிறகுதான் நேரில் ஆய்வு. அதைச் செய்பவர் இந்த வகை விமானத்தை நன்கு அறிந்த மெக்கானிக்காகவும், விற்பவருக்கு இதுவரை வேலை செய்யாதவராகவும் இருக்க வேண்டும். வகை தெரிந்தவரைக் கண்டுபிடிக்க இன்டர்நேஷனல் கமாஞ்சி சொசைட்டி போன்ற உரிமையாளர் சங்கங்கள் உதவும். விமானம் வாங்குவதற்கு முன்பே உறுப்பினராகிவிடுவது நல்லது. எஞ்சினைப் பொறுத்தவரை, மொத்த மணிநேரத்தைவிடக் கடைசி ஐந்து ஆண்டுகளில் எத்தனை மணிநேரம் பறந்தது என்பதைப் பாருங்கள். இந்த எஞ்சின்களுக்கு லைகமிங் பரிந்துரைக்கும் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்) இடைவெளி 2,000 மணிநேரம் அல்லது 12 ஆண்டுகள். பலரும் முதல் எண்ணை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். 1,500 மணிநேரம் ஓடி வாரந்தோறும் பறக்கும் எஞ்சினை நம்புவேன். 300 மணிநேரமே ஓடி, பதினைந்து ஆண்டுகளாக ஹேங்கரில் உறங்கும் எஞ்சினைப் பெரும்பாலும் மறு ஓவர்ஹால் செலவோடு சேர்த்தே கணக்கிடுவேன்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய விமானத்தின் விலைதான் பழையது. எஞ்சின், புரொப்பெல்லர், கூலி எல்லாம் இன்றைய விலை. இரண்டு எஞ்சின்களையும் இரண்டு புரொப்பெல்லர்களையும் ஓவர்ஹால் செய்யும் தொகை, விமானத்தை வாங்கிய விலையை நெருங்கக்கூடும். பறக்கும் ஒவ்வொரு மணிநேரத்துக்கும் அதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்க முடியாதவர், நல்ல ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்குவதே மேல்.

இரண்டாம் படி: எஞ்சினைச் சும்மா விடாதீர்கள்

லைகமிங் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு மேல்பகுதியில், கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் அதன் மீதிருந்த எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். உள்ளே மிஞ்சிய ஈரம் உலோகத்தைத் தொடும். துரு மெல்லப் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது அந்தப் புள்ளிகள் உரசிப் பெயர்ந்து, சில நூறு மணிநேரத்தில் கேமின் முனை மழுங்கிப்போகும். வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது இதற்கு மருந்தல்ல. அது ஈரத்தைக் கூட்டுகிறதே தவிர விரட்டுவதில்லை. எண்ணெய் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டி, அரை மணிநேரத்துக்கு மேல் அங்கேயே நிற்கும்படி பறந்தால்தான் ஈரம் ஆவியாகி வெளியேறும்.

எண்ணெயை ஃபில்டர் இருந்தால் 50 மணிநேரத்திலும், வெறும் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணிநேரத்திலும், எப்படியிருந்தாலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டி, உள்ளிருக்கும் மடிப்புக் காகிதத்தைப் பிரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மெலிதான மினுமினுப்பு கவலைக்குரியதல்ல. காந்தத்தில் ஒட்டும் அரிசி நொய் அளவுத் துணுக்குகள் தெரிந்தால் அந்த எஞ்சின் அன்றே நிறுத்தப்பட வேண்டும். எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரும்பு, செம்பு, குரோமியம் ஆகியவற்றின் அளவு கிடைக்கும். ஒற்றை அறிக்கை அதிகம் பேசாது, அறிக்கைகளின் தொடர்தான் பேசும். இரட்டை எஞ்சின் வைத்திருப்பவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு: ஒரே எண்ணெயில், ஒரே வானிலையில், ஒரே கையால் ஓட்டப்பட்ட இரண்டு எஞ்சின்கள் அருகருகே இருக்கின்றன. இடதுக்கும் வலதுக்கும் இடையே எண்ணெய்ச் செலவிலோ சிலிண்டர் சூட்டிலோ புதிதாக வேறுபாடு தோன்றினால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

சிலிண்டர் காற்றைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையின் எண்ணை மட்டும் வைத்து சிலிண்டரைக் கழற்றிவிடாதீர்கள். போரோஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தைப் பாருங்கள். வட்டமாக, ஒரே சீரான நிறத்தில் இருந்தால் நலம், ஓர் ஓரம் மட்டும் வெந்து நிறம் மாறியிருந்தால் அந்த வால்வின் ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் சிறிது நேரம் தடுமாறி, பிறகு சரியாகிவிடுகிறதென்றால், வால்வு அதன் கைடில் சிக்கத் தொடங்கியிருக்கலாம். சரியாகிவிட்டதே என்று புறப்பட வேண்டாம். மேக்னெட்டோக்களை 500 மணிநேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவிகளை இயக்கும் வறண்ட வகை வேக்யூம் பம்ப் முன்னறிவிப்பின்றி உடைவது. இரண்டு இருக்கின்றன என்பதற்காக ஒன்று உடைந்த பின்னும் மேகத்துக்குள் பறக்கலாகாது.

மூன்றாம் படி: லேண்டிங் கியர்

இந்த விமானத்தின் சக்கரங்களை இயக்குவது ஒற்றை மின்மோட்டார். மோட்டாரின் சுழற்சி கம்பிகள் வழியாக மூன்று சக்கரங்களுக்கும் போகிறது. சக்கரம் கீழே இறங்குவதற்கு ரப்பர் பங்கீ நாண்கள் துணை செய்கின்றன. ரப்பருக்கு ஆயுள் குறைவு என்பதால், 500 மணிநேரத்துக்கு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, எது முந்தியோ அதன்படி, அவற்றை மாற்றச் சொல்கிறது மேலே குறிப்பிட்ட ஆணை. 1,000 மணிநேர ஆய்வில் பிவட் போல்ட்டுகளையும் புஷ்களையும் கழற்றி அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மயிரிழை அளவுத் தேய்மானம்தான் இருக்கும். ஆனால் பத்து மூட்டுகளின் மயிரிழைகள் சேர்ந்தால், சக்கரம் பூட்டிக்கொண்டதாக விளக்கு எரிந்தும் அது முழுமையாக நிமிராமல் நிற்கும்.

ஆண்டு ஆய்வின்போது விமானம் ஜாக்கில் ஏற்றப்பட்டிருக்கும். அப்போது உரிமையாளர் அங்கே இருப்பது நல்லது. மோட்டாரால் ஐந்தாறு முறை ஏற்றி இறக்கச் சொல்லி, ஒவ்வொரு சக்கரமும் கடைசி அரை அங்குலத்தை எப்படிக் கடக்கிறது என்று குனிந்து பாருங்கள். பிறகு கேபினில் உட்கார்ந்து அவசரகால இறக்கத்தை உங்கள் கையாலேயே செய்யுங்கள். வானத்தில் அதைச் செய்யும்போது வேகத்தை மணிக்கு 100 மைலுக்குக் கீழே கொண்டுவந்து, மோட்டாரின் இணைப்பை விடுவித்து, லீவரை முழுத் தூரமும் தள்ள வேண்டும். ஜாக்கின் மீது ஒருமுறையாவது செய்திராதவர் இருட்டில் அந்த லீவரைத் தேடுவார்.

உதிரிபாகம் கிடைக்காத நிலையில் ஒரு வழி உண்டு. அமெரிக்க விதிகளில் 21.9 என்ற பிரிவு, உரிமையாளர் தம் விமானத்துக்குத் தேவையான பாகத்தைத் தாமே தயாரித்துக்கொள்ள இடம் தருகிறது. கையால் கடைய வேண்டிய அவசியமில்லை. அளவுகளையோ மூலப்பொருளையோ கொடுத்து, தரத்தை மேற்பார்த்து, தயாரிப்பில் உண்மையாகப் பங்கேற்றிருக்க வேண்டும். மூலப்பாகத்தின் பொருளும் அளவும் வலிமையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதையும், பொருத்தும் மெக்கானிக் அதை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பெட்ரோலும் புரொப்பெல்லரும்

இறக்கைகளில் பக்கத்துக்கு 30 கேலன் மெயின் டேங்கும் 15 கேலன் துணை டேங்கும் உள்ளன. மெயினில் 27 கேலன் மட்டுமே பயன்படும் என்பதால், 90 கேலன் நிரப்பினாலும் உங்கள் கணக்கு 84 கேலன்தான். மேலெழவும் தரையிறங்கவும் மெயின் டேங்க் மட்டுமே; துணை டேங்குகள் மட்டமான பறப்புக்கு உரியவை. டேங்க் என்பது இங்கே ரப்பர் பை. வெறுமையாக நிறுத்தி வைத்தால் அது உலர்ந்து வெடிக்கும். சுருக்கம் விழுந்தால் மடிப்பில் தண்ணீர் தேங்கி, காலையில் வடிக்கும்போது வெளிவராமல் ஒளிந்துகொண்டு, மூக்கு நிமிரும் நேரத்தில் எஞ்சினை நோக்கி நகரும். மூடியின் ரப்பர் வளையம்தான் மழைநீர் இறங்கும் வழி. சில காசு விலையுள்ள அந்த வளையத்தை ஆண்டுதோறும் மாற்றிவிடுங்கள்.

வடிக்கும் லீவர் கேபின் தரையில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. டேங்கைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை ஒரு டேங்குக்குத் திருப்பி, சில வினாடிகள் இழுத்துப் பிடித்து, அடுத்த டேங்குக்குத் திருப்பி மறுபடி இழுக்க வேண்டும். வயிற்றடியில் கண்ணாடிப் பாத்திரம் வைத்துப் பிடியுங்கள். தரையில் சிந்தவிட்டால் தண்ணீரா பெட்ரோலா என்று தெரியாது.

புரொப்பெல்லரை ஒற்றை எஞ்சின் விமானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே எண்ணெய் அழுத்தம் புரொப்பெல்லரின் அலகுகளை (இலைகளை) சிறு கோணத்துக்குத் தள்ளுகிறது. முன்பகுதியில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் அவற்றை எதிர்த்திசையில், காற்றைக் கிழிக்கும் ஃபெதர் நிலைக்குத் தள்ளுகிறது. நைட்ரஜன் கசிந்திருந்தால் தேவைப்படும் நேரத்தில் ஃபெதர் மந்தமாகும் அல்லது நிகழாமலே போகும். எனவே அந்த அழுத்தத்தை அன்றைய வெப்பநிலைக்கு உரிய அட்டவணையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: தரையில் எஞ்சினை அணைக்கும்போது அலகுகள் ஃபெதருக்குப் போகாதபடி தடுக்கும் பூட்டு, வானத்திலும் வேலை செய்யும். சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000க்குக் கீழே விழுந்துவிட்டால் பிறகு ஃபெதர் கிடைக்காது. காற்றில் சுழலும் அந்த வட்டு, விமானத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூக்கில் உள்ள ஹீட்டர் பெட்ரோலை எரித்துச் சூடு தருவது. அதன் உட்சுவரில் வெடிப்பு இருந்தால் கார்பன் மோனாக்சைடு நேரே கேபினுக்கு வரும். அழுத்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒலி எழுப்பும் கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்றையும் வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஓடுபாதையில் முடிவெடுங்கள்

இந்த விமானத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஒற்றை எஞ்சினில் திசைக் கட்டுப்பாடு நிலைக்கும் மிகக் குறைந்த வேகம், அதாவது விஎம்சி, தொடக்கத்தில் மணிக்கு 80 மைல் என அறிவிக்கப்பட்டது. பயிற்சியின்போது அந்த வேகம் வரை மெதுவாக்கிக் காட்டிய விமானங்கள் ஸ்டாலாகிச் சுழன்று விழுந்தன. 1960களின் இறுதியில் அது 90 மைலாக உயர்த்தப்பட்டது. காரணம் இதுதான்: உயரம் கூடக் கூட எஞ்சின் சக்தி குறைவதால் விஎம்சியும் குறைகிறது, ஆனால் வேகமானியில் தெரியும் ஸ்டால் வேகம் மாறுவதில்லை. ஓர் உயரத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொடும். அங்கே ஒரு பக்க இழுவையோடு ஸ்டாலாகும் விமானம் ஸ்பின்னில் விழும். ஆகவே இந்தப் பயிற்சியைத் தரையிலிருந்து குறைந்தது 3,000 அடிக்கு மேல் முடியும்படி வைத்துக்கொண்டு, ஸ்டாலின் முதல் அறிகுறியிலேயே சக்தியைக் குறைத்து மூக்கைத் தாழ்த்த வேண்டும்.

நினைவில் நிற்க வேண்டிய மற்றொரு எண் 105 மைல். வேகமானியில் நீலக்கோடாக இருக்கும் இதுவே ஒற்றை எஞ்சினில் அதிகமாக மேலேறும் வேகம். ஐந்து மைல் கூடினாலும் குறைந்தாலும் அந்த 260 அடியில் குறை விழும்.

ஒவ்வொரு முறையும் புறப்படும் முன், தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "சக்கரம் கீழே இருக்கும்வரை எது நடந்தாலும் இரண்டு திராட்டிலையும் மூடி நேராக இறங்குவேன். சக்கரம் மேலே போய் நீலக்கோடும் வந்த பிறகே பறப்பைத் தொடர்வேன்." ஓடுபாதை முன்னால் மிஞ்சியிருக்கும்வரை சக்கரத்தை மடக்க வேண்டாம். 4,000 அடிக்குக் குறைந்த ஓடுபாதையில் முழு எடையோடு புறப்படுவதில்லை என்பது என் சொந்த விதி. கையேடு அதைவிடத் தாராளமாகவே இருக்கும். கொலராடோவின் லெட்வில் விமான நிலையம் 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத ட்வின் கமாஞ்சிக்கு அந்தத் தரையே அதன் ஒற்றை எஞ்சின் உச்சவரம்புக்கு மேலே. அங்கிருந்து புறப்படுபவர், ஒரு எஞ்சின் நின்றால் இறங்க மட்டுமே முடியும் என்ற தெளிவோடு புறப்பட வேண்டும்.

எஞ்சின் நின்றால் நடப்பதை நெருக்கமாகப் பார்ப்போம். மூக்கு ஒரு பக்கம் வெடுக்கென்று திரும்பும். நேராக்க உங்கள் கால் எதிர்ப்பக்க ரட்டரை அழுத்தும். மூக்கைத் தாழ்த்தி நீலக்கோட்டைப் பிடியுங்கள். மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை), புரொப்பெல்லர், திராட்டில் ஆறு லீவர்களும் முன்னே போகட்டும். ஃபிளாப்பும் சக்கரமும் மேலே போகட்டும். இப்போது எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் நின்றது. அதன் திராட்டிலை மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். காலில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால் சரியான எஞ்சின்தான். அதன் பிறகே ஃபெதர், அதன் பிறகே மிக்ஸ்சர். ஓடும் எஞ்சின் பக்கம் இரண்டு மூன்று டிகிரி சாய்த்து, பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து அதே பக்கம் பாதியளவு விலகி நிற்கும்படி வையுங்கள். பந்தை நடுவில் வைக்கும் ஒற்றை எஞ்சின் பழக்கம் இங்கே இழுவையைக் கூட்டும். அவசரத்தில் தவறான லீவரை இழுத்தவர்கள் பலர் உண்டு. உறுதி செய்யச் செலவிடும் ஒரு வினாடி வீணல்ல.

ஆறாம் படி: பயிற்சி

சட்டத்தின் அளவுகோல் தாழ்வானது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாயமான பறப்பு மறுஆய்வை ஒற்றை எஞ்சின் விமானத்தில் முடித்துவிட்டுக்கூட இரட்டை எஞ்சினைச் சட்டப்படி ஓட்டலாம். பயணிகளை ஏற்ற, 90 நாட்களுக்குள் பல எஞ்சின் வகுப்பில் மூன்று முறை மேலெழுந்து தரையிறங்கியிருந்தால் போதும். இரண்டிலும் எஞ்சின் நின்ற நிலையில் ஓட்டிய அனுபவம் ஒரு நிமிடம்கூட இருக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இந்த வகையில் பயிற்றுவித்துப் பழகியவரோடு இரண்டு மணிநேரம் பறக்குமாறு பரிந்துரைப்பேன். பாதுகாப்பான உயரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் விமான நிலையம் இருக்க, ஒரு எஞ்சினை உண்மையாகவே நிறுத்தி ஃபெதர் செய்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தரைக்கு அருகில் ஒருபோதும் அப்படிச் செய்யாமல், ஃபெதருக்கு இணையான சிறு சக்தியில் வைத்து ஒத்திகை பார்த்தால் போதும்.

ஒற்றை எஞ்சினில் தரையிறங்கும்போது, ஓடுபாதை கைக்குள் வந்துவிட்டது என்று உறுதியாகும்வரை முழு ஃபிளாப் வேண்டாம், நீலக்கோட்டுக்குக் கீழேயும் வேண்டாம். சக்கரத்தை மட்டும் வழக்கமான இடத்திலேயே இறக்கிவிடுங்கள். தாமதப்படுத்தி மறந்துபோனவர்கள் வயிற்றில் இறங்கியிருக்கிறார்கள். தரையிலிருந்து 400 அடிக்குக் கீழே வந்துவிட்டால் மீண்டும் மேலேறும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஓடுபாதையில் மான் நின்றாலும், வேறு விமானம் நின்றாலும், பக்கத்துப் புல்தரையில் இறங்குவதே அந்த நேரத்தில் எஞ்சியுள்ள வழி.